ஆப்டில் வரும் கம்பைலரைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் ரஸ்ட் என்ற நிரல் மொழியைக் கற்பது பற்றி வந்த கட்டுரையை எங்கள் மையத்துப் பிள்ளைகள் வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். இதுபோன்ற விஷயங்கள் தமிழ் நாளிதழில் வருவதே அபூர்வம். எழுதியவருக்கு முதலில் என் நன்றி. ஆனால் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. லினக்ஸில் மென்பொருள்களை நிறுவித் தரும் ஆப்ட் என்ற கருவி வழியாகக் கிடைக்கும் ரஸ்ட் கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) பழசு, அதைத் தொடவே வேண்டாம், ரஸ்ட் இணையதளத்தில் இருக்கும் ஒரு வரியை அப்படியே டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டினால் போதும் என்று எழுதியிருந்தார். படிக்க ஆரம்பிக்கிற பிள்ளைக்குச் சொல்லும் முதல் யோசனையாக இது இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாமல் வெட்ட வேண்டியிருந்தால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ள கோரிக்கையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய கணினிப் பயிற்சி மையத்தின் லேபை நான் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் ஆனால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, கொடுங்கையூர் பக்கமிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கீபோர்டைத் தொட்டவர்கள். எங்களிடம் இருக்கும் சிஸ்டங்கள் எல்லாம் அலுவலகங்கள் கழித்துவிட்டவை. பெரும்பாலானவற்றில் 4 ஜிபி ராம்தான். எல்லாவற்றிலும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் போட்டிருக்கிறேன். மொத்த லேபுக்கும் ஒரே ஒரு பிராட்பேண்ட் இணைப்பு. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் அதுவும் அடிக்கடி படுத்துக்கொள்ளும்.

இந்த நிலையில் ஆப்ட் எங்களுக்குப் பெரிய துணை. ஒரு சிஸ்டத்தை மட்டும் ஆப்ட் கேஷராக வைத்திருக்கிறேன். ஒரு பேக்கேஜை, அதாவது ஆப்ட் கொடுக்கும் மென்பொருள் பொதியை, யாராவது ஒருவர் கேட்டால் அது வெளியிலிருந்து ஒரு முறை இறங்கும். அடுத்து யார் கேட்டாலும் லேபுக்குள்ளேயே கேபிள் வழியாகப் போய்விடும். ரஸ்ட் கம்பைலரான ரஸ்டிசி, நிரலைக் கட்டி அதற்கு வேண்டிய லைப்ரரிகளை (பிறர் எழுதி வைத்த நிரல் துண்டுகளை) கொண்டுவரும் கார்கோ இரண்டையும் முழு அதிகாரம் உள்ள சூப்பர் யூசராக ஒரு தடவை நிறுவினால் அந்த சிஸ்டத்தில் உட்காரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். டெபியனின் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று ஆப்ட் பார்த்த பிறகுதான் எதுவும் உள்ளே வருகிறது.

கட்டுரையாளர் சொன்ன வழியில், ரஸ்ட் கம்பைலரை இறக்கி நிறுவும் ரஸ்ட்அப் என்ற கருவி இறங்குகிறது. நல்ல கருவிதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது ஒவ்வொருவரின் ஹோம் டைரக்டரிக்குள் தனித்தனியாகப் போய் உட்காரும். ஒரே சிஸ்டத்தில் காலை பேட்ச், மாலை பேட்ச், ஞாயிறு பேட்ச் என்று மூன்று பேருக்குக் கணக்கு இருந்தால் மூன்று தடவை இறங்க வேண்டும். ஆவணங்களோடு சேர்த்து நிறுவினால் ஒரு கணக்குக்கு ஒரு ஜிபி அளவுக்கு இடம் போகும். ஆறு வாரம் கழித்துப் புதுப்பித்தால் மறுபடியும் அதே டவுன்லோட். சொந்த லேப்டாப்பும் வீட்டில் ஃபைபர் இணைப்பும் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு நெட் என்றால் போனில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டாதான்.

ஆறு வாரம் என்றேன். அதை விளக்கினால்தான் மீதி புரியும். ரஸ்ட் 1.0 வெளிவந்தது 2015 மே 15 அன்று. அன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வருகிறது. ஒரு அம்சம் இந்த முறை தயாராகவில்லை என்றால் அவசரப்பட்டுச் சேர்க்காமல் அடுத்த ஆறு வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இது நல்ல ஏற்பாடு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் பதிப்பு என்றால் எல்லோரும் தங்கள் அம்சத்தை அதற்குள் திணிக்கத்தான் பார்ப்பார்கள். இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். பழைய கம்பைலரில் ஓடிய நிரல் புதிய கம்பைலரிலும் ஓட வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறார்கள். ஆகவே சிக்கல் ஒரு திசையில் மட்டும்தான் வரும். இன்று எழுதிய நிரலைப் போன வருடத்துக் கம்பைலரிடம் கொடுத்தால் அது விழிக்கும்.

டெபியனின் வேகம் வேறு. ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதன் ஸ்டேபிள் என்ற நிலையான பதிப்பு வரும். வந்த பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியமான பிழைத் திருத்தங்களும் தவிர உள்ளே எதையும் அசைக்க மாட்டார்கள். டெபியன் 12 வந்தது 2023 ஜூன் 10. அதில் இருந்த ரஸ்ட் 1.63. அந்த மாதம் வெளியில் 1.70 வந்துவிட்டது. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9. அதில் இருப்பது 1.85. அதற்கு இரண்டு நாள் முன்புதான் 1.89 வெளியாகியிருந்தது. அடுத்த டெபியன் வருவதற்குள் ரஸ்ட் இன்னும் பத்துப் பதினைந்து பதிப்பு தாண்டிவிடும். கட்டுரையாளர் "பழசு" என்று சொன்னது இதைத்தான். எண்ணைப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போய்விட்ட பிறகு நடுவழியில் எஞ்சினை மாற்ற மாட்டார்கள், கரைக்கு வந்துதான் மாற்றுவார்கள். டெபியன் ஸ்டேபிளும் அப்படித்தான் நடக்கிறது. அதை நம்பித்தான் மருத்துவமனை, வங்கி, கல்லூரி எல்லாம் அதன்மேல் தங்கள் வேலையை வைத்திருக்கின்றன.

பேக்கேஜ் தயாரிப்பவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பது வெளியில் அவ்வளவாகத் தெரியவில்லை. ரஸ்ட் கம்பைலர் ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டது. ஆரம்பத்தில் ஓகேமல் மொழியில் இருந்தது, பிறகு தன்னைத்தானே கம்பைல் செய்துகொள்ளும் நிலைக்கு வந்தது. இப்போது 1.85-ஐ மூலநிரலிலிருந்து உருவாக்க வேண்டுமானால் கையில் 1.84 இருக்க வேண்டும். 1.84-க்கு 1.83 வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. 1.63-ல் இருந்து 1.85-க்கு ஏற 22 படி. டெபியன்காரர்கள் வெளியில் யாரோ கட்டிக் கொடுத்த பைனரியை (அப்படியே ஓடும் கோப்பை) எடுத்து வைத்துக்கொள்வதில்லை. மூலநிரலை எடுத்துத் தங்கள் இயந்திரங்களில், நெட் தொடர்பு இல்லாமல், தாங்களே கட்டுகிறார்கள். அதுவும் நம் வீட்டு இன்டெல் சிஸ்டத்துக்கு மட்டும் கட்டினால் போதாது. ஏஆர்எம், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ், ஐபிஎம் மெயின்ஃபிரேம் என்று எல்லா வகை இயந்திரத்துக்கும் கட்ட வேண்டும். ஒரு வகையில் சோதனை தோற்றால் அங்கேயே நின்று காரணம் தேட வேண்டும். கம்பைலருக்கு அடியில் எல்எல்விஎம் என்ற இன்னொரு பெரிய மென்பொருள் இருக்கிறது. புதிய ரஸ்ட் வேண்டுமானால் சில சமயம் புதிய எல்எல்விஎம்மும் வேண்டும். அதை மாற்றினால் அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களின் கதி என்ன என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் லைப்ரரிகள். ரஸ்டில் சின்னச் சின்ன லைப்ரரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒன்றைக் கூப்பிட்டால் அது இன்னும் நாற்பதை இழுத்துக்கொண்டு வரும். டெபியனில் ஒவ்வொன்றையும் தனிப் பேக்கேஜாக வைக்கிறார்கள். ரஸ்ட் நிரல்கள் பொதுவாக எல்லா லைப்ரரிகளையும் தனக்குள்ளேயே சேர்த்துக் கட்டிக்கொள்ளும். அதனால் ஒரு லைப்ரரியில் ஓட்டை கண்டுபிடித்தால் அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு நிரலையும் மறுபடி கட்ட வேண்டும். சி மொழியில் ஒரு பொது லைப்ரரியைத் திருத்திவிட்டால் அதைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா நிரலுக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்கள் கொடுப்பதை "பழசு, தொடாதே" என்று ஒரே வரியில் ஒதுக்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

தாமதத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளில் ஒருவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பராமரிப்பவராகவே ஆகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில், யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைய ஒரு பின்கதவைச் செருகியிருந்தார். தூரத்திலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக லாகின் ஆக அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்துவிட்டது. ஸ்டேபிளுக்குள் நுழையவில்லை. எங்கள் லேபில் எந்த சிஸ்டத்திலும் அது இல்லை, காரணம் நாங்கள் ஸ்டேபிளில் இருந்தோம். புதியது வெளியான அன்றைக்கே எல்லோர் கைக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு இருந்தால் இப்படிப்பட்ட விஷமும் அன்றைக்கே போய்ச் சேரும். கம்பைலர் விஷயத்தில் இது இன்னும் கூடுதல் கவலை. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-லேயே இதை எழுதிவிட்டார்: கம்பைலரில் ஒரு தந்திரத்தை ஒளித்து வைத்தால், மூலநிரலில் அதற்குத் தடயமே இல்லாமல், அடுத்த கம்பைலருக்கும் அது தொற்றிக்கொண்டு போகும்.

இதற்காக டெபியன் கை வைத்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2006-ல், தகவலை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் டெபியன் தரப்பில் செய்த ஒரு சின்ன மாற்றம், உருவாகும் ரகசியச் சாவிகளை ஊகிக்கக்கூடியவையாக ஆக்கிவிட்டது. 2008 மே மாதம்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. உலகம் முழுக்க சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. மூல ஆசிரியருக்கும் பயனருக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் அவராலும் தவறு நேரும் என்று ரஸ்டை உருவாக்கும் மொழிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு நியாயமும் அவர்கள் பக்கம் உண்டு. ரஸ்ட் குழு கடைசிப் பதிப்பை மட்டும்தான் கவனிக்கிறது. இரண்டு வருடப் பழைய கம்பைலரில் வந்த பிழையை அவர்களிடம் கொண்டுபோனால், முதலில் புதுப்பித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வார்கள். வேறென்ன சொல்ல முடியும்?

ஆனால் இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது யார் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

காசிமேட்டுப் பையன் ஒருவன். இரண்டாம் ஆண்டு பிஎஸ்சி. அவன் அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். காலையில் எடுத்த கூடை எத்தனை, என்ன விலை, யாருக்குக் கடன், ஐஸுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பதை ரஸ்டில் ஒரு சின்ன நிரலாக்கப் பார்த்தான். வீட்டில் ஒரு பழைய லேப்டாப், அதில் டெபியனிலிருந்து உருவான உபுண்டு 24.04. அதில் ஆப்ட் கொடுப்பது ரஸ்ட் 1.75. நிரலை அவனே எழுதினான், சுத்தமாக எழுதியிருந்தான். தேதியைக் கையாள ஒரு லைப்ரரியைச் சேர்த்தான். கார்கோ பில்ட் அடித்ததும் சிவப்பில் ஒரு எரர் வந்தது. அவன் சேர்த்த லைப்ரரியில் கூடப் பிரச்சினை இல்லை. அது இழுத்துக்கொண்டு வந்த வேறொரு லைப்ரரியின் புதிய பதிப்பு, 2024 எடிஷனுக்கு, அதாவது மொழியின் புதிய விதித் தொகுப்புக்கு, மாறியிருந்தது. அந்த எடிஷன் 2025 பிப்ரவரியில் 1.85-ல்தான் நிலைபெற்றது. அதைப் படிக்க 1.75-க்குத் தெரியாது. எரரின் கடைசியில் கார்கோவே ஒரு யோசனை சொல்கிறது: புதிய கார்கோவை முயன்று பாருங்கள், அதற்கு நைட்லி தேவைப்படலாம் என்று.

நைட்லி என்பது தினமும் ராத்திரி கட்டப்படும் சோதனைப் பதிப்பு. பையன் என்ன செய்வான்? திரையில் சொன்னதைச் செய்தான். நெட்டில் தேடி அந்த ஒரு வரியை ஒட்டினான், போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு நைட்லியை இறக்கினான். அன்றைய டேட்டா அதோடு தீர்ந்தது. இப்போது அவன் லேப்டாப்பில் ஆப்ட் வைத்த கார்கோ ஒன்று, ரஸ்ட்அப் வைத்தது ஒன்று. டெர்மினலில் கேட்டால் ஒரு பதிப்பு எண், எடிட்டருக்குள்ளிருந்து ஓட்டினால் வேறு எண். ஒரு பக்கம் ஓடியது, இன்னொரு பக்கம் ஓடவில்லை. "மிஸ், நேத்து ஓடுச்சு மிஸ், நான் ஒண்ணுமே மாத்தல" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். தனக்கு ரஸ்ட் வராது, பைத்தானுக்கே போய்விடுகிறேன் என்றும் சொன்னான்.

அவன் நிரலில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ரஸ்ட்அப்பை எடுத்துவிட்டு, அந்த உள் லைப்ரரியை மட்டும் அதன் முந்தைய பதிப்பில் நிறுத்தி வைத்தோம். கார்கோ அப்டேட் கட்டளையில் பிரிசைஸ் என்று சொல்லிப் பழைய எண்ணைக் கொடுத்தால் போதும். ஆப்ட் கொடுத்த அதே 1.75-ல் ஓடியது. தேதி கணக்கிடுவதில் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் அவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவன் அம்மாவின் கணக்குக்கும் தெரியவில்லை.

அந்த லைப்ரரியை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புதிய எடிஷன் வந்தது, ஒரு வரியில் எண்ணை மாற்றினார், அவருடைய சிஸ்டத்தில் ஓடியது, வெளியிட்டார். அந்த ஒரு வரியால் 1.75 வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

பைத்தானுக்குப் போனாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4 பதிப்பிலிருந்து ரஸ்டைக் கேட்க ஆரம்பித்தது. தயார் நிலையில் பைனரி கிடைக்காத இடங்களிலெல்லாம், ரஸ்ட் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களின் பில்ட் விழுந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2022 டிசம்பரில் வந்த 6.1 முதல் ரஸ்ட் நுழைந்துவிட்டது. உபுண்டு 25.10-ல், சூப்பர் யூசராக வேலை செய்ய உதவும் சூடோ கட்டளையே ரஸ்டில் எழுதியதாக மாறிவிட்டது. 2025 அக்டோபர் இறுதியில் டெபியனில் ஆப்டைப் பராமரிப்பவர் ஒருவர், 2026 மே மாதத்துக்குப் பிறகு ஆப்டுக்குள்ளேயே ரஸ்ட் நிரல் வரும், ரஸ்ட் கம்பைலர் இல்லாத இயந்திர வகைகளைக் கவனிப்பவர்கள் அதற்குள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். நினைவகப் பிழைகளைத் தடுக்கும் மொழி என்பதால் இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களில் சரிசெய்த பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் நினைவகம் தொடர்பானவை என்று 2019-ல் சொன்னது. ஆகவே எங்கள் பிள்ளைகள் ரஸ்ட் படிக்கத்தான் வேண்டும். ஆப்ட் போன்ற பேக்கேஜ் மேனேஜருக்கே ரஸ்ட் வேண்டும் என்ற நிலை வரும்போது, பேக்கேஜ் மேனேஜர் கொடுக்கும் ரஸ்டைத் தொடாதே என்று பாடம் நடத்துவது எப்படிச் சரியாகும்?

டெபியன்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுக்க வேண்டுமென்றால் புதிய ரஸ்ட் தேவைப்படுகிறது. அதற்காக டெபியன் 11-ல் ரஸ்டிசி-மொசில்லா என்றும் 12-ல் ரஸ்டிசி-வெப் என்றும் தனிப் பேக்கேஜாகப் புதிய கம்பைலரை ஸ்டேபிளுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். உலாவிக்காக இவ்வளவு வளைந்து கொடுக்க முடிகிறது என்றால், அதே ஏற்பாட்டைப் படிக்கிறவர்களுக்காகவும் பொதுவாக்கலாம். பழைய எண் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் எண்ணோடு ஒரு புதிய கம்பைலர் இருக்கட்டும். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். உபுண்டுவில் அப்படி எண்ணோடு கூடிய ரஸ்டிசி பேக்கேஜ்களைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ரஸ்ட்அப்பையே உபுண்டு 24.04-லும் டெபியன் 13-லும் ஆப்ட் வழியாக நிறுவிக்கொள்ளலாம். ஆகவே ரஸ்ட்அப்தான் வேண்டும் என்பவரும் இணையதள வரியை ஒட்ட வேண்டிய அவசியமில்லை. தங்கள் கட்டுரையில் இந்த ஒரு தகவல் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தின் பாதியை எழுதியிருக்க மாட்டேன்.

இந்த வேலைக்கு ஆள் வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் எத்தனையோ நிறுவனங்களின் சர்வர்கள் டெபியனிலும் உபுண்டுவிலும் ஓடுகின்றன. வாரத்தில் சில மணி நேரம் தங்கள் பொறியாளர் ஒருவரைப் பேக்கேஜ் வேலைக்கு விட்டுக்கொடுப்பது அவர்களுக்குப் பெரிய செலவில்லை. அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்தது அந்த லேப்டாப் வழியாகத்தான். அந்த மாதிரி வந்து சேரும் ஒரு லேப்டாப்பில், வேறெதையும் இறக்காமல், ஆப்டில் இருக்கும் கம்பைலரை வைத்தே ஒரு பிள்ளை ஒரு மொழியை முழுசாகக் கற்க முடிய வேண்டும்.

இனி என் கோரிக்கை. ரஸ்டில் ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் கார்கோவுக்கான ஒரு கோப்பு இருக்கும். அதில் ரஸ்ட்-வெர்ஷன் என்று ஒரு வரி எழுதலாம், 2021 அக்டோபரில் வந்த 1.56 முதல் இந்த வசதி உண்டு. இந்த நிரலுக்குக் குறைந்தபட்சம் எந்தக் கம்பைலர் வேண்டும் என்று அதில் சொல்லிவிடலாம். 2025 ஜனவரியில் வந்த 1.84 முதல், இந்த வரியைப் பார்த்து அதற்குப் பொருந்துகிற லைப்ரரிப் பதிப்புகளையே கார்கோ தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம். 2024 எடிஷனில் அது தானாகவே நடக்கும். அதாவது மொழிக்காரர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அந்த வரியை நிரப்புவது மட்டும் பாக்கி. லைப்ரரி எழுதி வெளியிடும் நம் ஊர் இளைஞர்கள் நிறையப் பேர் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். அவர்கள் அந்த வரியில் இன்றைய டெபியன் ஸ்டேபிளின் எண்ணான 1.85-ஐ, முடிந்தால் அதற்கும் கீழே ஒரு எண்ணை, எழுத வேண்டும். அதைக் கூட்டுவதற்கு முன்னால் அப்படி எந்தப் புதிய அம்சம் நமக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களும் பயிற்சிப் புத்தகம் எழுதுவோரும் முதல் பக்கத்திலேயே எந்த லினக்ஸ், எந்தக் கம்பைலர் எண் என்று அச்சிட வேண்டும். அந்த எண் ஆப்டில் கிடைப்பதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டு நிரல்கள் எல்லாவற்றையும் அதில் ஓட்டிப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ரஸ்டுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. கோ மொழி வருடத்துக்கு இரண்டு பதிப்பு வெளியிடுகிறது. ஸிக் இன்னும் 1.0-ஐயே எட்டவில்லை, ஒவ்வொரு பதிப்பிலும் பழைய நிரல் உடைகிறது. அவற்றைப் பற்றித் தமிழில் கட்டுரை வரும்போதும் இதே எண்ணைக் கேட்பேன்.

தங்கள் கல்வி இணைப்பிலும் இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். நிரல் வரும் ஒவ்வொரு கட்டுரையின் கீழேயும் "டெபியன் 13, ரஸ்ட் 1.85-ல் சோதிக்கப்பட்டது" என்பது போல ஒரு வரி போடுங்கள். அப்படிச் சோதிக்கக் கட்டுரையாளர்களிடம் டெபியன் இல்லையென்றால் நிரலை எங்களுக்கு அனுப்பலாம். ஞாயிறு பேட்ச் பிள்ளைகள் அன்றைக்கே ஓட்டிப் பார்த்து, எந்த வரியில் நிற்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 600 021